பதம் வராத பாகு

ரம் என்றதும் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எனக்கு என் மைத்துனரின் முகம் ஞாபகம் வரும். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவரில்லை. நானும் குடித்ததில்லை. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தச் சனியன் பிடித்த போத்தல் வந்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அவர் என் மனைவிக்கு அண்ணன். கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்களின் கிளப் ஒன்றில் பட்லர். என்னைக் கப்பலேற்றி வரவழைத்தவர் அவர். தங்கையைக் கட்டிக் கொடுத்தவர் அவர். அதே கிளப்பில் பாரில் துணையாளாகச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இந்த உபகாரங்களில் ஏதாவது ஒன்றை நான் மறந்துவிடுவேனோ என்று அவருக்கு ஓயாத கவலை. அதனால் நான் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்துவார்.

"நான் மட்டும் இல்லேன்னா நீ இந்நேரம் ரப்பர் காட்டுல பால் வெட்டிக்கிட்டு, கொசுவுக்கு ரத்தம் குடுத்துக்கிட்டு இருப்ப, மாப்ளே."

நாலு பேருக்கு முன்னால் 'வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே' என்பார். கதவைச் சாத்திவிட்டால் 'நீ', 'ஏய்'. அதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். தெருக் கோடியில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவன் என்னை 'வீட்டோட மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்தான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் அவன் தட்டிலிருந்த பாக்கையெல்லாம் வாரித் தெருவில் இறைத்துவிட்டு வந்தேன். மறுநாளும் அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

வீடு பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்புறம். பலகைச் சுவர், தகரக் கூரை. ரயில் போனால் அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து பேசும். மைத்துனரின் மனைவி மூன்றாவது பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். அந்த மூன்று பிள்ளைகளையும் வளர்த்து, அந்த வீட்டுக்கு உலை வைத்து, அவருடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தவள் என் மனைவி. இரவில் பிள்ளைகள் அவளைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். உள்ளே வேறு இடம் கிடையாது. நான் முன்நடையில் படுப்பேன், என் சைக்கிளும் அங்கேதான் நிற்கும். கல்யாணமானவன் சைக்கிளோடு குடும்பம் நடத்தினால் அவனுக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த வளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கிளப்புக்குப் பின்னால், சமையல்கட்டைத் தாண்டி, மாமரத்தடியில் ஓர் அறை. செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, தனிக் கதவு, வாசலிலேயே குழாய். பாரைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அந்த அறை. அப்போது பாரில் இருந்தவர் ஹைனான் சீனர் ஒருவர். அவர் அம்பாங்கில் சொந்தமாகக் காப்பிக்கடை போடப் போவதாகச் சொல்லி ஒரு மாதக் கெடு கொடுத்திருந்தார். அன்றிலிருந்து அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குழாயைத் திறந்து கை கழுவிவிட்டுத்தான் போவேன். கை அழுக்காக இருக்காது. இருந்தாலும் கழுவுவேன்.

அந்தச் சமயத்தில்தான் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குப் புதிதாக ஒரு மேனேஜர் துரை வந்தார். அதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டத்தில் இருந்தவராம். வரும்போதே ஒரு பெட்டி ரம் கொண்டுவந்து கிளப்பில் இறக்கினார். முதல் நாளே பார் மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, அங்கே குடித்ததுபோல் தனக்கு ஒரு கோப்பை இங்கேயும் வேண்டும் என்றார். ரம், எலுமிச்சைச் சாறு, அன்னாசிச் சாறு, பச்சிலை வாசம் ஏறிய சர்க்கரைப் பாகு. எல்லாவற்றையும் ஐஸோடு மூடிக் குலுக்கி, நுரை அடங்குவதற்குள் ஊற்ற வேண்டும். ஹைனான்காரர் கேட்டுவிட்டு, தன்னால் ஆகாது என்று தலையை ஆட்டினார். அவருக்கு விஸ்கி சோடா தெரியும், ஜின்னில் கசப்புத் துளி விடத் தெரியும். போகிற காலத்தில் புதிதாக எதையும் தலையில் ஏற்றிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை.

கிளப் செக்ரட்டரி துரை என் பக்கம் திரும்பினார். அவர்கள் எங்களை 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். மீசை நரைத்தவனும் பாய்தான். "பாய், வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறி டிஃபன் சாப்பாட்டுக்கு முன்னால் இவர் கேட்கிறதைச் சரியாகச் செய்து கொடுத்தால் பார் உனக்கு. இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். என் மைத்துனர் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பட்லர் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது என்பதற்குத்தானே சம்பளம். வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது.

"சாராயம் கலக்குறதுக்குப் பரீட்சையா? நல்ல பொழப்பு. ரூம் குடுப்பானாம், இவரு போயிடுவாராம். சோறு போட்ட எடத்த மறந்துட்டுப் போனவன் எவன்டா உருப்பட்டான்?"

"நான் போனா உங்களுக்கு ஒரு வாய்ச் சோறு மிச்சம்தானே மச்சான்" என்றேன்.

அவருக்குக் கவலை சோறு மிச்சமாவதில் இல்லை, சோறாக்குகிறவள் போய்விடுவதில் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க ஒரே வீட்டில் இரண்டு பூனைகள்போல் ஒருவரையொருவர் சுற்றிப் போய்க்கொண்டிருந்தோம்.

ரம் கிளப்பில் இருந்தது. எலுமிச்சைக்குக் குறைவில்லை. அன்னாசியைக் கிள்ளானிலிருந்து அந்தத் துரையே காரில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார். மிச்சம் பாகுதான். கிளப் அடுப்பில் காய்ச்சலாம் என்றால் சமையல்கட்டு என் மைத்துனரின் ராஜ்யம். ஒரு நெருப்புக்குச்சி எடுக்க வேண்டுமானாலும் அவர் உத்தரவு வேண்டும். ஆகவே வீட்டில் காய்ச்சுவது என்று ஆயிற்று. வீட்டு அடுப்பும் அவருடையதுதான். ஆனால் அதன் முன்னால் அவர் தங்கை நின்றாள்.

என் மனைவிக்குப் பாகு காய்ச்ச நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தீபாவளி வந்துவிட்டால் குவார்ட்டர்ஸ் பெண்கள் அடுப்பில் அதிரசப் பாகை வைத்துவிட்டு அவளைத்தான் ஓடி வந்து அழைப்பார்கள். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு சொட்டுத் தொட்டுப் பிரித்துப் பார்ப்பாள். கம்பி விட்டால்தான் இறக்கச் சொல்வாள். அவள் இறக்கச் சொன்ன பாகு அந்தத் தெருவில் கெட்டதாகப் பேச்சில்லை.

முதலில் துரை சொன்ன பச்சிலை புதினாவாகத்தான் இருக்கும் என்று வாங்கி வந்து கொடுத்தேன். அதைச் சர்க்கரையோடு போட்டுக் கொதிக்க விட்டோம். குட்டைத் தண்ணீர் நிறத்தில் ஒன்று வந்தது. வாசனை சளிக்குக் குடிக்கிற கஷாயம்தான். சின்னப் பிள்ளை மோந்து பார்த்துவிட்டு, தனக்கு ஜுரமில்லை என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள். அதைச் சாக்கடையில் ஊற்றினேன்.

சாக்கடை ஓரத்திலேயே மலாய்க்காரர்கள் சோற்றில் போடுகிற பாண்டான் இலை புதராக வளர்ந்திருந்தது. அதன் பக்கத்தில் எலுமிச்சைப் புல். என் மனைவி இரண்டையும் பறித்து வந்தாள். பாண்டானை முடிச்சுப் போட்டாள். புல்லின் அடித்தண்டை அம்மிக் குழவியால் நசுக்கினாள். பாகு கொதிக்கும்போது அதில் போட்டாள். வீடு முழுக்க வாசம் எழும்பியது. மைத்துனர்கூட உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, எதற்காக என்பது ஞாபகம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ரம்மை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. சாமி விளக்கு எரிகிற வீடு என்பார் மைத்துனர். அது எனக்கும் சம்மதம்தான். கிளப்பிலிருந்து ஒரு துண்டு ஐஸை மரத்தூளோடு சாக்கில் சுற்றி சைக்கிளில் கொண்டுவந்தேன். எலுமிச்சைச் சாற்றில் ஐஸைப் போட்டுப் பாகை ஊற்றினேன். அது நேரே அடியில் போய் உட்கார்ந்து உறைந்துகொண்டது. கரண்டியால் கிளறினால் கரண்டியோடு சேர்ந்து சுற்றியது. மேலே குடித்தால் வெறும் புளிப்பு.

"இவ்வளவு பதம் ஆகாது. கம்பியே விடக் கூடாது" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பதம் வராத பாகு பாகாங்க? அதுக்குப் பேரு சக்கரத் தண்ணி."

"அந்தச் சக்கரத் தண்ணிதான் வேணும்."

"அரைவேக்காட்டுல எறக்கச் சொல்றீங்க. நாலு பேரு பாத்தா என்னையத்தான் சிரிப்பாங்க."

அது என்னவோ அவளுக்கு நெஞ்சில் குத்தியது. பாகு காய்ச்சுகிற பெண்ணிடம் பதத்துக்கு முன்னால் இறக்கு என்பது, பாதிப் பின்னலோடு தெருவுக்குப் போ என்று சொல்வதுபோல. இருந்தாலும் செய்தாள். ஒரு படிக்கு ஒரு படி தண்ணீர் வைத்துச் சர்க்கரை கரைந்ததும் இறக்கினாள். இறக்கின பிறகு இலையையும் புல்லையும் போட்டு மூடி வைத்தாள். ஆறினதும் வடிகட்டினாள். விரலில் தொட்டுப் பிரித்துப் பார்த்து, கம்பி விடாததைக் கண்டு மூக்கைச் சுளித்தாள். ஐஸில் ஊற்றினேன். போன இடம் தெரியாமல் கலந்தது. இளம்பச்சை நிறம், குடித்த பிறகும் நாக்கில் பாண்டான் வாசம்.

அந்த வாரம் அவள் அதைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினாள். கிளப்பில் நான் ரம்மோடு கலந்து, நாக்கில் வைத்துத் துப்பி, எலுமிச்சையைக் கூட்டிக் குறைத்து ஒரு கணக்குக்குக் கொண்டுவந்தேன். வீட்டுக்கு வந்து அவள் அடுப்படியில் உட்கார்ந்து அறையைப் பற்றிச் சொல்வேன். குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது, வெயில் எப்போது உள்ளே வரும், அடுப்பை எங்கே போடலாம், மாங்காய் காய்த்தால் யாரையும் கேட்காமல் பறிக்கலாம். அவள் இலையை முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் சொல்ல மாட்டாள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அவள் பாகுப் போத்தலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். பழைய பீர் போத்தல், கரும்பழுப்புக் கண்ணாடி. இன்னும் சூடாக இருந்தது. புதிதாகக் காய்ச்சியிருக்கிறாள், நல்லது என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு போனேன். துரைக்கு எல்லாம் ஜில்லென்று இருக்க வேண்டும். போன உடனே போத்தலை ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். செய்த முட்டாள்தனம் அது ஒன்றுதான். சூட்டோடு ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

மத்தியானத்துக்கு முன்னால் கிளப் நிறைந்துவிட்டது. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். தோட்டங்களில் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய துரைமார்கள் இங்கே உட்கார்ந்து கறிச்சோற்றுக்கு முன்னால் தாகம் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கிறபோது எனக்கு மனம் எரியும். அன்றைக்கு எரியவில்லை. எனக்கு அன்று செங்கல் சுவர் மட்டுமே கண்ணில் நின்றது.

கிள்ளான் துரை வந்து மேடைக்கு முன்னால் உட்கார்ந்தார். செக்ரட்டரி துரை பக்கத்தில் நின்றார். ரம்மை ஊற்றினேன். எலுமிச்சை, அன்னாசி, ஐஸ். பாகுப் போத்தலை எடுத்துக் கவிழ்த்தேன். ஒன்றும் வரவில்லை. உலுக்கினேன். கழுத்துவரை வந்து நின்று, பிறகு தடித்த நூலாக இறங்கியது. பச்சை நிறமில்லை, பழுப்பு. வாசனையும் இல்லை, வெந்து போயிருந்தது. ஐஸில் பட்டதும் அங்கேயே இறுகிக்கொண்டது.

கம்பிப் பாகு. அதிரசத்துக்கு இறக்குகிற அதே பாகு.

குலுக்கிப் பார்த்தேன். கோப்பையில் ஊற்றினேன். கிள்ளான் துரை ஒரு வாய் வைத்துவிட்டு மேடையில் வைத்தார். நாகரிகம் பார்த்துத் துப்பாமல் இருந்தார், அவ்வளவுதான். செக்ரட்டரி துரை கடிகாரத்தைப் பார்த்தார். "சிங்கப்பூர்" என்று அவர் வாய் எடுப்பதற்குள், ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

கெட்டிப் பாகுக்கு மருந்து கொதிக்கிற தண்ணீர். அது அடுப்பு வைத்திருக்கிற எவருக்கும் தெரியும். மைத்துனர் கறிக் கிண்ணங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒரு கிளாஸ் சுடுதண்ணி."

"எல்லா அடுப்புலயும் கறி கெடக்கு. கண்ணு தெரியல?" என்றார், நிமிர்ந்து பார்க்காமலே.

கெண்டி ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். கெண்டிக்கும் எனக்கும் நடுவில் நகர்ந்து நின்றுகொண்டார். இந்த ஆள்தான் பாகைக் கெடுத்தான் என்று அந்த நொடியில் எனக்குச் சத்தியமாகத் தெரிந்தது. கையில் இருந்த போத்தலால் அவர் மண்டையைப் பிளந்திருப்பேன். பிளந்திருந்தால் கிள்ளான் துரைக்குக் கோப்பை போகாது. அதனால் விட்டேன்.

திரும்பி வருகிற வழியில், வராந்தாவில் ஒரு துரைசானிக்குத் தட்டில் தேநீர் போய்க்கொண்டிருந்தது. தூக்கிப் போனவன் கையிலிருந்து தேநீர்ப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். வாங்கினேன் என்றா சொன்னேன், பிடுங்கினேன். நல்ல கறுப்புத் தேநீர், பால் சேர்க்காதது, கொதிக்கக் கொதிக்க. போத்தலை மேடைக்குக் கீழே வைத்து அதில் ஊற்றி, கட்டை விரலால் வாயை அடைத்துக் குலுக்கினேன். விரல் வெந்தது. பாகு கரைந்தது. புதிதாக ரம், எலுமிச்சை கொஞ்சம் தூக்கலாக, அன்னாசி, ஐஸ். குலுக்கி ஊற்றி வைத்தேன்.

கிள்ளான் துரை குடித்தார். கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நான் கேட்டது இது இல்லை" என்றார். ஆனால் அவர் மறுபடியும் குடித்து, கோப்பையைக் காலி செய்து என் பக்கம் தள்ளினார். "இன்னொன்று கொடு. நான் கேட்டதை அடுத்த வாரம் செய்."

ஹைனான்காரர் முந்தின நாளே காலி செய்துவிட்டுப் போன அறையின் சாவியைச் செக்ரட்டரி துரை மேடைமேல் போட்டார். கையில் கொடுக்கவில்லை. அது பரவாயில்லை. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மைத்துனர் எனக்கு முன்னால் போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பிள்ளைகளோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். என் மனைவி அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாகைத் திருப்பி அடுப்புல வச்சு கெடுத்தீங்கல்ல மச்சான்? அப்படியும் சாவி எங்க இருக்கு பாத்தீங்களா?" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினேன். "கூடப் பொறந்தவ நல்லா இருக்கக் கூடாதுன்னு நெனைக்கிற நீங்கல்லாம் ஒரு அண்ணனா? விளக்கு வேற ஏத்துறீங்க."

இன்னும் நிறையச் சொன்னேன். மூன்று வருடமாக அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. அவருடைய உப்பு, அவருடைய கப்பல் டிக்கெட், அவருடைய பித்தளைப் பொத்தான் எல்லாவற்றையும் சந்திக்கு இழுத்தேன். பெரிய பெண் தம்பியின் காதைப் பொத்தினாள். மைத்துனர் காப்பியைக் கீழே வைத்தார்.

"பாகைத் தொட்டு நான் ஏண்டா கெடுக்கணும்? நீ போகக் கூடாதுன்னா செக்ரட்டரி தொர காதுல நான் ஒரு வார்த்த போட்டா போதாதா? எனக்கு அந்த நாக்கு இல்லாமலா இத்தன வருசம் பட்லரா இருக்கேன்? சுடுதண்ணி குடுக்கல, அது நாந்தான். குடுக்க மனசு வரல. பாகு நான் இல்ல."

"வேற யாரு, ரயிலா வந்து காச்சிட்டுப் போச்சு?"

"நாந்தான்" என்றாள் என் மனைவி.

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "காலையில நீங்க குளிக்கப் போனப்ப திருப்பி அடுப்புல வச்சேன். கம்பி விடுற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் எறக்குனேன்."

அண்ணன் சொல்லிக் கொடுத்துச் செய்திருப்பாள், இல்லாவிட்டால் பதம் வராததைக் கொடுக்க மனம் கூசிச் செய்திருப்பாள் என்று என் புத்தி ஓடியது. அந்த இரண்டில் ஏதாவது ஒன்றை அவள் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன்.

"ஏன்?" என்றேன்.

"கொழாய் இருக்குன்னு சொன்னீங்க. தனிக் கதவு இருக்குன்னு சொன்னீங்க. மாங்கா பறிக்கலாம்னீங்க. நீ வரியான்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

சின்னவள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளை அவளை அத்தை என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா என்றுதான் கூப்பிடும்.

"இவ என்னைய அம்மாங்கிறா. இவள எந்தக் கொழாயடியில விட்டுட்டு வரது? சொல்லுங்க, விட்டுட்டு வரேன்."

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். அது எனக்கு அவர் பேசினதைவிட அதிகக் கோபத்தைக் கொடுத்தது. ஜெயித்தவன் தலையைக் குனிந்துகொண்டால் தோற்றவன் எங்கே பார்ப்பது?

நான் கேட்கவில்லை என்பது உண்மைதான். கட்டின பெண்டாட்டியிடம் 'வருகிறாயா' என்று எவன் கேட்டான்? எங்கள் தெருவில் ஒருவனைக் காட்டுங்கள். 'கிளம்பு' என்பான், அவள் பெட்டியைக் கட்டுவாள். அன்று நானும் அதைத்தான் சொன்னேன். "கெளம்பு" என்றேன். அவள் காப்பியை ஆற்றி அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த தம்ளரை எனக்கு ஆற்ற ஆரம்பித்தாள். அதைக் குடிக்காமல் என் தகரப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வெற்றிலைக் கடைக்காரன் பார்த்தான். அவன் அன்று என்னை வீட்டோட மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

அறை நன்றாகத்தான் இருந்தது. செங்கல் சுவர் இரவில்கூடச் சூடாக இருக்கும், ரயில் சத்தம் கேட்காது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். நான் ஒருவன் எவ்வளவு தண்ணீர்தான் பிடிப்பது? சைக்கிளை வெளியில் மாமரத்தில் சாத்தி வைத்தேன். இனிமேல் அதோடு படுக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கிளப்பில் மைத்துனரும் நானும் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. "மூணாம் மேசைக்கு ரெண்டு விஸ்கி." "ஐஸ் வரல." அவ்வளவு. கிள்ளான் துரைக்கு நான் அந்த வாரம் பாகை நானே காய்ச்சிப் பார்த்தேன். ஒன்று தீய்ந்தது. ஒன்று சர்க்கரை பூத்து மணல் மணலாக நின்றது. பாண்டானை எத்தனை நேரம் ஊற வைக்க வேண்டும் என்று தெரியாமல், வைக்கோல் ஊறின தண்ணீர்போல் ஒன்று வந்தது. சனிக்கிழமை சாயங்காலம்வரை என் கையில் பாகு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைத்துனர் வந்தார். வெள்ளைச் சட்டை, பொத்தான்கள் பளபளவென்று இருந்தன. கையில் துண்டில் சுற்றிய போத்தல். அதைப் பார் மேடையில் வைத்தார். நான் துண்டை அவிழ்த்தேன். இந்த முறை வெள்ளைக் கண்ணாடிப் போத்தல், உள்ளே இருப்பது தெரியும்படி. இளம்பச்சை. மூடியைத் திறந்து ஒரு சொட்டை விரலில் எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். கம்பி விடவில்லை. முகர்ந்தால் பிரிக்பீல்ட்ஸ் அடுப்படி வந்தது.

போத்தலைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பதம் தெரிந்தவள், எது வேண்டும் என்று தெரிந்தவள், தெரிந்தே கெடுத்தவள், இப்போது தெரிந்தே சரியாகக் காய்ச்சி அனுப்பியிருக்கிறாள். என்னிடம் வர மாட்டாள், ஆனால் என் வேலை போகவும் விட மாட்டாள். இவளை என்ன செய்வது? மத்தியானம் துரை வருவார் என்பதால் போத்தலை ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன்.

மைத்துனர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்த வாரம் அவளையே கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன்.

"நான் ஏன் சொல்லணும்? நீ வந்து கேளு" என்றார். பிறகு, எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஆளில்லாத இடத்தில் ஒரு தடவைகூட வராத மரியாதை அவர் வாயில் வந்தது. "வந்து கேளுங்க மாப்ளே. கேட்டா என்ன சொல்லுவாளோ எனக்கும் தெரியாது."

அந்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கிள்ளான் துரை தோட்டம் மாறிப் போனார், மற்ற துரைமார்கள் அதே கோப்பையைக் கேட்கப் பழகிவிட்டார்கள், ரம் பெட்டி பெட்டியாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பாகு மட்டும் வந்துகொண்டிருந்தது.